ஜூன் தாண்டமாட்டான்

வட கரோலினா
17 ஏப்ரல் 1988

ஆசி தாருங்கள், அப்பா.

நான் நலம். நீங்களும் உங்கள் முழங்கால்களும் எப்படி இருக்கிறீர்கள்? நூரிஸுக்கு வாந்தி நின்றதா? கட்டிய மனைவியை இரண்டு மாதக் கர்ப்பத்தோடு உங்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்தவன், அவளைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. மட்டையில் பந்து பட்டால் அடி தோள்வரை ஏறுகிறது. எங்களைத் தங்க வைத்திருக்கும் கிழவி எல்லாவற்றிலும் சர்க்கரை போடுகிறாள். சனிக்கிழமை மட்டும் வெனிசுவேலாக்காரன் ஒருத்தன் மின்சாரப் பானையில் சோறு ஆக்குவான். அடியில் பிடித்த காந்தலுக்கு நாங்கள் ஐந்து பேர் அடித்துக்கொள்கிறோம். முதல் வாரம் முழுக்க என்னை ஷார்ட்ஸ்டாப்பாக நிறுத்தினார்கள். தினமும் ஆடுகிறேன்.

கிளம்பும்போது கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

பிப்ரவரியில் நீங்கள் வானொலியில் பட்டியல் வாசித்த ஞாயிறன்று நான் கில்வியோவின் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தேன். பாதித் தலை ஆகியிருந்தது. எங்கள் பேஸ்பால் கிளப்பின் மைனர் லீக் பையன்களில் பெரிய லீக்குக்குப் போகப்போகிற பத்துப் பேரை நீங்கள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, நான் மனதுக்குள் என் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பத்தும் முடிந்தது. சரி. பிறகு யாரோ ஃபோனில் கேட்டார்: "தோன் எலாதியோ, உங்க சொந்தப் பையன் உபால்தோ பேரு பத்துல இல்லையே?" நீங்கள் சிரித்தீர்கள். "அவனா? அவன் ஜூன் தாண்டமாட்டான். பந்து வந்து சேர்றதுக்குள்ள இவன் பயம் ஓடிப்போய்ப் பந்தைத் தொட்டுடுது."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். கில்வியோ கத்தியை நிறுத்திவிட்டு, "கவலைப்படாத தம்பி, மீதிப் பாதியை ஜூனுக்குள்ள முடிச்சிடறேன்" என்றான். நானும் சிரித்தேன். பாதித் தலையோடு எங்கே எழுந்து போவது?

பத்தில் இல்லை என்றதைக் கேட்கவில்லை. ஜூன் என்று ஏன் சொன்னீர்கள்?

உங்கள் மகன்
உபால்தோ


கொன்சுவேலோ
10 மே 1988

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மகனே.

முழங்கால்கள் மழையை மட்டும் சரியாகச் சொல்கின்றன. உன் மனைவி இரண்டு பேருக்குச் சாப்பிடுகிறாள், ஐந்து பேருக்கு ஜெபம் செய்கிறாள். ஞாயிறு காலை அவளுடைய சபைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறாள். என் நிகழ்ச்சியை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டுக்கு ஒருத்தராவது அப்படி இருக்க வேண்டியதுதான்.

ஏன் சொன்னீர்கள் என்று கேட்கிறாய். கேட்டார்கள், சொன்னேன். இந்த ஊர் ஆசி வாங்கப் பாதிரியாரிடம் போகும், பந்து விஷயத்துக்கு என்னிடம் வரும். நான் போன வருடம் சொன்ன பத்தில் நான்கு பேர் மேலே போயாயிற்று. மற்றவனெல்லாம் மட்டையைப் பார்ப்பான், தோளைப் பார்ப்பான். நான் காலைப் பார்ப்பேன். தரையில் உருண்டு வருகிற பந்தை நோக்கி நல்ல ஷார்ட்ஸ்டாப் போவான். நீ நிற்கிறாய். பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி நிற்கிறாய். ஏழு வயதிலிருந்து அப்படித்தான். பெற்றவன் என்பதற்காக உன் காலுக்கு நான் பொய் சாட்சி சொல்ல முடியுமா?

1957இல் ஃபுளோரிடாவில் என்னை வேண்டாம் என்றார்கள். கப்பலிலிருந்து இறங்கினேன். துறைமுகத்தில் நின்ற என் அம்மாவிடம் "என்னைக் கழிச்சிட்டாங்கம்மா" என்றேன். கால் உடைந்தது, கோச் சதி செய்தான் என்று எந்தக் கதையும் கட்டவில்லை. ஆண்பிள்ளைக்கு அழகு அது.

உனக்கு அவ்வளவு ரோஷம் இருந்தால் ஜூனைத் தாண்டிக் காட்டு. அன்று வானொலியில் "எலாதியோ பெகேரோ தப்புச் சொன்னான்" என்று நானே சொல்கிறேன். செத்துப்போன உன் அம்மா மேல் ஆணை.

உன் அப்பா


வட கரோலினா
3 ஜூலை 1988

ஆசி தாருங்கள், அப்பா.

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். நூரிஸ் கால் வீங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தேதியைப் பார்த்தீர்களா? ஜூன் போய்விட்டது. நான் இங்கேதான் இருக்கிறேன்.

நடுவில் எழுத நேரம் கிடைக்கவில்லை. மட்டை நன்றாகப் பேசுகிறது. நூறு முறை ஆட வந்தால் முப்பது முறைக்கு மேல் அடிக்கிறேன். காலைப் பற்றிச் சொன்னீர்களே, கோச் அதையும் சரிசெய்துவிட்டார். இப்போது பந்தை நோக்கி நான்தான் ஓடுகிறேன். இரண்டு வாரமாகக் கையிலிருந்து ஒரு பந்துகூட நழுவவில்லை.

கிளப் எங்களை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டது. இனி உறையின் பின்னால் உள்ள முகவரிக்கே எழுதுங்கள். பழையதற்கு எழுதினால் கிழவி திருப்பி அனுப்பிவிடுவாள்.

அம்மா மேல் ஆணை என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறேன்.

உபால்தோ


கொன்சுவேலோ
20 ஜூலை 1988

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், என் செல்ல மகனே.

எல்லோரும் நலம். கரும்பாலைப் புகைகூட இந்த மாதம் இருமல் தரவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். உன் கடிதத்தை வரி விடாமல் வானொலியில் வாசித்தேன். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் ஆலைத் தொழிலாளர்கள் வழியை மறிக்கிறார்கள். "தோன் எலாதியோ, அடுத்த கடிதாசு எப்ப வரும்?" இந்த ஊர் இவ்வளவு வாய்விட்டுச் சிரித்து வெகுநாளாயிற்று. எல்லாம் உன்னால்தான்.

ஆனால் ரொம்பச் சுருக்கமாக எழுதுகிறாய். எந்த ஊரோடு ஆடினாய்? யார் பந்து வீசினான்? பந்து எந்தப் பக்கம் போனது, கூட்டம் என்ன கத்தியது? அப்பனிடம் என்ன கஞ்சத்தனம்? வாரம் ஒரு கடிதம் எழுது. தாளும் தபாலும் உனக்குக் கட்டுப்படியாகும் என்றுதான் நினைக்கிறேன், இவ்வளவு நன்றாக ஆடுகிறவன்.

உன் அப்பா


வட கரோலினா
9 ஆகஸ்ட் 1988

ஆசி தாருங்கள், அப்பா.

நலம். உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். செல்ல மகனே என்று நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை.

கேட்டீர்களே, கேளுங்கள். போன வெள்ளி. கடைசிச் சுற்று, எங்களுக்கு ஒரு ஓட்டம் குறைவு, இரண்டு பேர் அவுட். எதிரே ஓர் இடதுகைக்காரன், பனைமர உயரம். முதல் இரண்டு பந்தும் காற்றோடு போயிற்று. பக்கத்தில் வெனிசுவேலாக்காரன் கத்துகிறான்: "டேய், உங்கப்பா கேட்டுக்கிட்டிருக்கார்டா!" மூன்றாவது பந்து இடுப்புக்கு நேராக வந்தது. அடித்தது என் கைக்கே தெரியவில்லை அப்பா, அவ்வளவு லேசாக இருந்தது. இடப்பக்க வேலிக்கு மேலே, விளக்குக் கம்பத்துக்கும் மேலே போய்விட்டது. ஓடி வந்து சேர்ந்தபோது கோச் என் தலைக்கவசத்தில் குட்டினார். "பெகேரோ, அடுத்த வருஷம் உன்ன மேல அனுப்பாம வச்சிருந்தா என்னையே வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடா" என்றார்.

நூரிஸுக்கும் இதைச் சொல்லுங்கள். விடியலில் கை விறைத்துப் போவதால் அவளுக்குத் தனியாக எழுத முடியவில்லை. குழந்தைக்குத் துணிமணிக்கென்று கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன்.

வருகிற பட்டியலில் எனக்கு ஒரு இடம் உண்டா? பத்தாவது போதும்.

உங்கள் மகன்
உபால்தோ


கொன்சுவேலோ
28 ஆகஸ்ட் 1988

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மகனே.

நலம். பணம் வந்தது, நூரிஸிடம் கொடுத்துவிட்டேன்.

விளக்குக் கம்பத்துக்கு மேலே! அந்த வரியை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்கள். ஒலிப்பதிவுக்காரன் சாகோ எங்கிருந்தோ ஒரு ட்ரம்பெட் ஓசையைப் பிடித்து வந்து நடுவில் போட்டான். விளம்பரம் தருகிற ரம் கம்பெனிக்காரன் நிகழ்ச்சிக்கு இன்னும் அரை மணி வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

ஒரு சந்தேகம். ஆகஸ்ட் மாதத்தில் உனக்குக் கை விறைக்கிறதா? அதுவும் விடியலிலா? அப்படி என்ன குளிர், எந்த மைதானத்தில்? விவரமாக எழுது. நேயர்கள் கேட்கிறார்கள். அந்த இடதுகைக்காரன் பெயரையும் எழுது. பனைமரத்துக்கும் பெயர் இருக்கும் அல்லவா?

பட்டியலைப் பற்றிக் கேட்டாய். உன்னைப் பற்றித்தான் ஓயாமல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா


அசுவா
18 செப்டம்பர் 1988

உபால்தோ,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. நானும் வயிற்றுப்பிள்ளையும் நலம். முகவரியைப் பார்த்தால் தெரிந்திருக்கும், நான் என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன மாதக் கடைசியில் மளிகைக்கடையில் எண்ணெய் வாங்கப் போனேன். கடைக்காரன், "நூரிஸ், உம் புருஷன் நேத்து எத்தனை ஹோம் ரன்?" என்றான். தெரியாது என்றேன். மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தன் வாயாலேயே ட்ரம்பெட் ஊதினான்.

அடுத்த ஞாயிறு சபைக்குப் போகவில்லை. கில்வியோ கடை வாசலில் நின்று கேட்டேன். உன் அப்பா உன் குரலிலேயே படித்தார். நீ திக்குகிற இடத்தில் திக்கினார். "ஆசி தாருங்கள் அப்பா" என்பதை எப்படிச் சொன்னார் என்று நான் எழுதமாட்டேன். படித்து முடித்துவிட்டு, "நேயர்களே, இந்த வீரனை ஜூன் மாசம் பாதியிலேயே கிளப் வீட்டுக்கு அனுப்பிடுச்சு. இப்ப எந்த மைதானத்துல ஆடறான்னு தெரிஞ்சவங்க ஃபோன் பண்ணுங்க" என்றார். ஃபோன் வந்தது, உபால்தோ. நிறைய வந்தது. ஒருத்தி நீ நிலாவில் ஆடுகிறாய் என்றாள்.

அமெரிக்காவிலிருந்து வாராவாரம் அவருக்கு ஒரு பந்துப் பத்திரிகை வருகிறதே, அதில் எல்லா ஆட்டமும் எல்லாப் பெயரும் இருக்குமாம். ஜூன் பாதிக்குப் பிறகு உன் பெயர் இல்லை. உன் ஜூலைக் கடிதம் வரும்போதே அவருக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். நான் மட்டும்தான் முழங்காலில் நின்று உன் மட்டைக்காக ஜெபம் செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவன் எழுதறான். நான் படிக்கிறேன். இதுல பொய் சொன்னது யாரு?" என்றார்.

பொய் சொன்னவன் நீதான். அதுதான் எனக்கு ஆத்திரம். அவரிடம் ஏன் பொய் சொன்னாய் என்பது எனக்குப் புரிகிறது. என்னிடம் ஏன்?

எங்கே இருக்கிறாய்? அதை மட்டும் எழுது.

நூரிஸ்


வட கரோலினா
30 அக்டோபர் 1988

அப்பா,

நலம் விசாரிக்க நினைக்கிறேன், முடியவில்லை. கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதுகிறேன்.

நூரிஸ் எழுதிவிட்டாள். அவளுக்குப் பதில் போட்டுவிட்டேன். உங்களுக்கு இது.

ஜூன் 14ஆம் தேதி ஆட்டம் முடிந்து குளித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்கள். ஈரத்தோடு போனேன். மேனேஜர் இங்கிலீஷில் நிறையப் பேசினார். கோச் தரையைப் பார்த்துக்கொண்டே, "உன்ன விட்டுட்டாங்க தம்பி" என்று ஸ்பானிஷில் சொன்னார். அவ்வளவு பேச்சுக்கும் அவ்வளவுதான் அர்த்தம். விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்தார்கள். பஸ் நிலையம்வரை போனேன். நீங்கள் சொன்னது அங்கே நினைவுக்கு வந்தது. ஜூன். ஒன்றாம் தேதியாக இருந்தாலும் முப்பதாம் தேதியாக இருந்தாலும் நீங்கள்தான் ஜெயித்திருப்பீர்கள். நான் விமானம் ஏறவில்லை.

கோழி அறுக்கும் ஆலை ஒன்றில் ஹோண்டுராஸ்காரன் ஒருத்தன் சேர்த்துவிட்டான், வேறு யாருடைய பெயரிலோ. உள்ளே மழைக்காலக் கிணறு மாதிரி குளிர். விடியலில் கை விறைக்கும் என்று எழுதினேனே, அது ஒன்றுதான் நான் எழுதியதில் உண்மை. கோழிகள் கொக்கியில் தொங்கிக்கொண்டு வரும், நான் இறக்கையை வெட்டவேண்டும். இம்மாதம் 11ஆம் தேதி கொக்கி என் கையுறையை மாட்டி இழுத்தது. கை விறைத்திருந்ததால் முதலில் வலிக்கவில்லை. ஆட்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன. வலது கை.

வெள்ளைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். என் பெயர் என்ன என்று நர்ஸ் கேட்டபோது, ஆலையில் கொடுத்த பெயரா, என் பெயரா, எதைச் சொல்வது என்று தெரியாமல் விழித்தேன். சிரிக்கக்கூடிய இடம் அது.

எனக்கு உங்களிடம் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள். இதை வானொலியில் படிக்காதீர்கள்.

உபால்தோ


கொன்சுவேலோ
25 நவம்பர் 1988

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மகனே.

எல்லோரும் நலம். அசுவா பஸ் ஓட்டுநர் சொன்னான், நூரிஸுக்கு ஆண் குழந்தையாம், தாயும் சேயும் சுகமாம். வாழ்த்துகள்.

உன் திறமையைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். நீ எழுதியதிலேயே இதுதான் உச்சம். முதலில் உண்மையைக் கொஞ்சம் கொடுத்து, ஜூன் 14, ஈரத் தலை, கோச், அப்புறம் கோழி, அப்புறம் விரல்! கையெழுத்தைக்கூடக் கோணலாக்கியிருக்கிறாய். நடிகன்டா நீ! படிக்காதீர்கள் என்று கடைசியில் ஒரு வரி வேறு. படிக்காமல் விடுவேனா?

விரல் இடத்தில் மட்டும், நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்கிற கூட்டம் கொஞ்சம் அமைதியாகிவிட்டது. நல்லவேளையாகச் சாகோ கோழி கொக்கரிக்கிற சத்தத்தைப் போட்டான். பிறகு சரியாயிற்று. ஒருவர் ஃபோன் செய்து, "தோன் எலாதியோ, அடுத்த கடிதாசுல பையன் தலை இல்லாம ஆடுவான் பாருங்க" என்றார். நான் சொல்கிறேன், விரல் கொஞ்சம் அதிகப்படி. பரிதாபத்துக்கு ஒரு அளவு உண்டு. கணுக்கால் சுளுக்கு என்று எழுதியிருந்தால் நானே நம்பியிருப்பேன்.

பிப்ரவரி முதல் ஞாயிறு பட்டியல் நாள். நீ ஊருக்கு வருவதாக இருந்தால் நேரே நிலையத்துக்கு வா. உன்னைப் பார்க்க ஊரே வரும்.

உன் அப்பா


கொன்சுவேலோ
12 பிப்ரவரி 1989

உபால்தோ,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். அசுவாவில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

இந்த ஞாயிறு நிகழ்ச்சிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன்.

போன ஞாயிறு நீ உள்ளே வந்தபோது நான் ஆறாவது பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாகோ காதில் சொன்னான்: "உங்க பையன் வந்திருக்கான்." சட்டைப்பையில் கைவிட்டபடி நின்றாய். நான்தான், "நேயர்களே, இதோ நம்ம நட்சத்திரம்! வாடா, மைக்கைப் பிடி" என்று நீட்டினேன். நீ கையை எடுத்தாய். மைக்கைப் பிடிக்க வந்தது பாதிக் கை. மைக் நழுவி மேஜையில் விழுந்தது. அந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களுக்கு உன் முதுகுதான் தெரிந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். கையை ஆட்டி நிறுத்தச் சொன்னேன். நானும் ஜாடை காட்டி வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள்.

நீ சொன்னது ஒன்றே ஒன்று. "பட்டியலைப் படிங்கப்பா. ஜனங்க காத்திருக்காங்க."

படித்தேன். பத்துப் பேரையும் படித்தேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்கிறாய்? நேரலை. ஆறாவது பெயரை இரண்டு முறை படித்தேனாம், சாகோ பிறகு சொன்னான். வெளியே வந்து பார்த்தபோது உன் பஸ் போய்விட்டிருந்தது.

ஒன்று சொல். அது உண்மை என்று நான் எப்படிக் கண்டுபிடித்திருப்பேன்? விளக்குக் கம்பத்துக்கு மேலே பந்தடித்தவன் எழுதியதில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது? நான் ஜூன் என்று சொன்னது தவறில்லை. உன் காலைப் பற்றிச் சொன்னதும் தவறில்லை. என்னை யாராலும் குற்றம் சொல்ல முடியாது.

பேரனைப் பற்றி யாரும் எனக்கு எழுதுவதில்லை. மூன்று மாதம் ஆகியிருக்கும். கிலுகிலுப்பையைக் காட்டினால் எந்தக் கையை முதலில் நீட்டுகிறான்? வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அந்த வயதிலேயே தெரிந்துவிடும். இடது கை என்றால் அது பெரிய விஷயம், பந்து வீச இடதுகைக்காரன் கிடைக்காமல் எல்லாக் கிளப்பும் அலைகிறது. கவனித்து எழுது. இடதா, வலதா, ஒரு சொல் போதும்.

உன் அப்பா


அசுவா
19 மார்ச் 1989

அப்பா,

உங்கள் காய்ச்சல் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். முழங்கால்களுக்கு நூரிஸ் ஒரு தைலம் சொன்னாள், இந்த உறையோடு எழுதி வைத்திருக்கிறேன்.

தக்காளித் தோட்டத்தில் வேலை. கூடை சுமக்க விரல் அதிகம் தேவைப்படவில்லை. இடது கையால் எழுதப் பழகிவிட்டேன், பார்க்கிறீர்கள் அல்லவா, கோணல் போய்விட்டது.

நூரிஸ் இன்னும் என்னோடு முழுமனதாகப் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். நான் எதைச் சொன்னாலும் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறாள். தண்ணீர் கொதித்துவிட்டது என்றால்கூட எட்டிப் பார்க்கிறாள். அது என் சம்பாத்தியம். அதில் உங்களுக்குப் பங்கில்லை.

பையன் நன்றாக இருக்கிறான். காது உங்களுடையது என்கிறார்கள். எல்லாவற்றையும் பிடிக்கிறான். கரண்டி, கோழிவால், அவன் அம்மாவின் முடி, என் கையில் விரல் இருந்த இடம். பிடித்ததை விடுவதில்லை. ஒரு வாரமாக நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எப்போதும் ஒரே கையைத்தான் முதலில் நீட்டுகிறான். சந்தேகமே இல்லை.

எந்தக் கை என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

உபால்தோ